கலக்கப் போவது யாரு: மேடை நகைச்சுவையின் நீடித்த ஈர்ப்பும் நிலையற்ற தரமும்

முன்னுரை

விஜய் தொலைக்காட்சியில் 2005ஆம் ஆண்டு தொடங்கிய 'கலக்கப் போவது யாரு' எனும் நகைச்சுவைப் போட்டி நிகழ்ச்சி இடைவெளிகளோடு பல பருவங்களைக் கண்டுள்ளது. கோவை குணா முதற்பருவத்தில் வெற்றி பெற்றார். மூன்றாம் பருவத்தில் வாகை சூடிய சிவகார்த்திகேயன் பின்னர்த் திரையுலகின் முன்னணி நாயகராக உயர்ந்தார். ரோபோ சங்கர், வடிவேல் பாலாஜி முதலிய கலைஞர்களையும் இம்மேடை தமிழுலகிற்கு அறிமுகப்படுத்தியது. 2020இல் வடிவேல் பாலாஜியும், 2023இல் கோவை குணாவும், 2025இல் ரோபோ சங்கரும் மறைந்தபோது, அவர்கள் நடித்த பழைய அங்கங்களை மக்கள் மீண்டும் தேடிப் பார்த்தனர். ஒரு தொலைக்காட்சி நகைச்சுவை அங்கம் பல ஆண்டுகளுக்குப் பின்னும் நினைவில் நிற்பது எளிய செய்தியன்று.

எனினும், இந்நிகழ்ச்சியைத் தொடர்ந்து பார்த்தவர்கள் மற்றொன்றையும் அறிவர். ஒரே நாளில் ஓர் அங்கம் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும். அடுத்த அங்கம் முகம் சுளிக்க வைக்கும். ஒரே கலைஞர் ஒரு வாரம் நுட்பமாக நடிப்பார். மறுவாரம் தேய்ந்துபோன துணுக்குகளை ஒப்பிப்பார். இவ்வளவு ஏற்றத்தாழ்வுடைய ஒரு நிகழ்ச்சியின் மீது மக்களுக்கு ஈர்ப்பு குறையாதிருப்பது ஏன் என்பதே இக்கட்டுரையின் முதல் வினாவாகும். அதன் தாழ்வுக்கு மேடையின் இயல்பு காரணமா, பிறிதொன்று காரணமா என்பது இரண்டாம் வினாவாகும். தமிழ்ப்பள்ளி மேடைகளில் இந்நிகழ்ச்சியின் சாயலைக் காணும் ஆசிரியர்களுக்கு இவ்விரு வினாக்களும் நேரடித் தொடர்புடையவை. அத்தொடர்பை ஜொகூர் மாநிலத்து யோங் பெங் வட்டாரத்தில் நாம் கண்டவற்றைக் கொண்டு இறுதிப் பகுதியில் விளக்குவோம்.

நிகழ்ச்சியின் அமைப்பு

இந்நிகழ்ச்சி பார்வையாளர் முன் மேடையில் நிகழ்த்தப்பெற்றுப் பதிவு செய்யப்படுவது. தொடக்கப் பருவங்களில் தனியொருவர் தோன்றிப் பலகுரலில் பேசுதலும் துணுக்குகளைத் தொடுத்துரைத்தலும் மேலோங்கி நின்றன. பிற்காலப் பருவங்களில் இருவரோ குழுவினரோ சேர்ந்து நடிக்கும் குறுநாடகங்கள் பெருகின. பேருந்து நிலையம், நேர்காணல் அறை, பெண் பார்க்கும் படலம், மருத்துவமனை எனப் பார்வையாளர் உடனே அறிந்துகொள்ளும் ஒரு களமும், அக்களத்தில் பொருந்தாத ஒரு மாந்தரும் இருந்தால் போதும். சில நிமிடங்களில் நாடகம் முடிந்துவிடும்.

இதே தொலைக்காட்சியில் 2009இல் தொடங்கிய 'அது இது எது' நிகழ்ச்சியின் 'சிரிச்சா போச்சு' எனும் பகுதி இவ்வடிவத்தை மேலும் நெருக்கியது. எதிரே அமர்ந்திருக்கும் விருந்தினர் சிரித்துவிட்டால் தோற்றவராவார். எனவே நடிகர் எழுதி வந்ததை மட்டும் நம்பியிருக்க இயலாது. எதிரிலிருப்பவரின் உதட்டசைவைப் பார்த்து, அந்தக் கணத்தில் உரையை மாற்றியாக வேண்டும். இவ்விரு நிகழ்ச்சிகளிலும் கலைஞர்கள் பலர் பொதுவாக இருந்தமையால் இவற்றை ஒரே மரபின் இரு கிளைகளாகக் கொள்ளலாம்.

இம்மரபுக்குத் தமிழில் நெடிய பின்புலம் உண்டு. தெருக்கூத்தின் கட்டியக்காரனும் இசை நாடகத்தின் பபூனும் கதைக்குள்ளும் கதைக்கு வெளியிலும் நின்று, அரசனையும் அவையையும் ஒருசேரக் கேலி செய்தனர். கூத்து வகைகளை விளக்கும் அடியார்க்கு நல்லார் நகைத்திறச் சுவையையும் விநோதக் கூத்தோடு சேர்த்தெண்ணுவார் உளர் எனக் குறிக்கிறார். ஆகவே நாம் ஆராயும் நிகழ்ச்சி தொலைக்காட்சி புதிதாகப் படைத்த ஒன்றன்று. பழைய கூத்தின் ஒரு கூறு தனித்துப் பிரிந்து, போட்டி எனும் சட்டகத்துக்குள் புகுந்துள்ளது.

நகைக்குரிய நான்கு நிலைக்களன்கள்

இத்தகைய நிகழ்ச்சிகளை மதிப்பிட நமக்கு அயல்நாட்டுக் கோட்பாடுகளே வேண்டும் என்பதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கையும் நகை தோன்றும் நிலைக்களன்களாகக் கூறுகிறது. எள்ளல் என்பது இகழ்தல். இளமை என்பது குழந்தைத்தன்மை. பேதைமை என்பது அறிவின்மை. மடன் என்பதற்குப் பேராசிரியர் தரும் விளக்கம் நம் கவனத்திற்குரியது. பிறர் கற்பித்ததை அவ்வாறே பற்றிக்கொண்டு, பற்றியதை விடாதிருத்தலே மடன் என்பது அவர் கருத்து.

குறுநாடகம் எனும் வடிவம் பெரிதும் மடனால் இயங்குகிறது என்பது நம் துணிபு. ஒரு மாந்தர் ஓர் எண்ணத்தைப் பிடித்துக்கொள்கிறார். சூழ்நிலை மாறுகிறது, எதிரிலிருப்பவர் கெஞ்சுகிறார், உண்மை கண்முன் வந்து நிற்கிறது. ஆயினும் அவர் பிடியை விடுவதில்லை. ஒவ்வொரு முறை அவர் விடாதிருக்கும்போதும் சிரிப்பு ஒரு படி ஏறுகிறது. இங்கு நாம் சிரிப்பது அம்மாந்தரின் நிறத்தையோ உருவத்தையோ பார்த்தன்று. அவருடைய செயலைப் பார்த்து. அச்செயலில் நம் வீட்டுப் பெரியவர் ஒருவரையோ நம்மையோ அடையாளம் காண்பதால் அச்சிரிப்பில் உறவும் கலந்திருக்கிறது.

எள்ளலோ வேறு வகையினது. பேராசிரியர் இதனைத் தான் பிறரை எள்ளி நகுதல், பிறரால் தான் எள்ளப்பட்டபோது நகுதல் என இரண்டாகப் பகுக்கிறார். இப்பாகுபாட்டின் ஆழத்தைப் பின்னர்க் காண்போம். இங்கு ஒன்றை மட்டும் சுட்டுவோம். எள்ளல் விரைவில் பயன் தரும். மடன் காலம் எடுத்துக்கொள்ளும். சில நிமிடங்களே கிடைக்கும் போட்டி மேடையில் கலைஞர் எதை நாடுவார் என்பதை ஊகிப்பது கடினமன்று.

ஈர்ப்பின் காரணங்கள்

முதற்காரணம், தோல்வி பார்வையாளர் கண்முன் நிகழக்கூடும் என்பதாகும். திரைப்படத்தில் தோற்ற காட்சி வெட்டப்பட்டுவிடும். மேடையிலோ சிரிப்பு எழாத கணத்தில் கலைஞர் நின்று தவிப்பதையும், அத்தவிப்பையே நகைச்சுவையாக மாற்றி மீள்வதையும் நாம் காண்கிறோம். அமெரிக்காவில் 1975 முதல் நேரலையாக ஒளிபரப்பாகும் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியும் இதே காரணத்தால் ஐம்பது ஆண்டுகளைக் கடந்துள்ளது. அதன் தரம் வீழ்ந்துவிட்டது என்ற குறை அந்நாட்டில் பலமுறை எழுந்துள்ளது. அவ்வாறு குறை கூறியவர்களும் அதனைப் பார்ப்பதை விட்டுவிடவில்லை. வாராவாரம் புதியன படைக்கும் மேடையில் ஏற்றத்தாழ்வு என்பது குறையாக மட்டும் அமைவதில்லை. அடுத்த அங்கம் எப்படியிருக்கும் என்று அறியாமையே பார்வையாளரை இருக்கையில் நிறுத்துகிறது.

இரண்டாம் காரணம், வட்டார வழக்குகள் அரங்கேறியமையாகும். கோவை, மதுரை, நெல்லை, சென்னைப் பேச்சுகள் திரையில் பெரும்பாலும் துணைமாந்தரின் வாயில் வந்தவை. இம்மேடையில் அவை முதன்மை பெற்றன. சன் தொலைக்காட்சியின் 'அசத்தப் போவது யாரு' நிகழ்ச்சியில் புகழ்பெற்ற மதுரை முத்துவும் கோவை குணாவும் தம் ஊர்ப்பெயரையே அடையாளமாகக் கொண்டனர். ஊர்ப்பேச்சை மறைக்காமல் மேடையேறலாம் என்பதற்கு இது கண்கூடான சான்றாயிற்று.

மூன்றாம் காரணம், எளிய பின்புலம் உடையோர்க்குத் திறந்த வாயிலாக இம்மேடை விளங்கியமையாகும். கோயில் திருவிழாக்களிலும் கல்லூரி விழாக்களிலும் பலகுரல் பேசித் திரிந்த இளைஞர்களுக்குத் திரையுலகத் தொடர்போ செல்வமோ இன்றி வழி பிறந்தது. பார்வையாளர் கண்டது நகைச்சுவையை மட்டுமன்று. ஒருவருடைய வாழ்வு உயரும் நிகழ்வையும் கண்டனர்.

தரம் சரியும் இடங்கள்

தாழ்வை நேரடி மேடையின் இயல்பு என்று கூறி அமைந்துவிடலாகாது. மேடையின் இயல்பால் விளையும் சறுக்கல் வேறு. பழக்கத்தால் விளையும் சரிவு வேறு. முன்னதைப் பார்வையாளர் மன்னிப்பர். பின்னதே ஆய்வுக்குரியது. அதனை மூன்றாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, திரைப்படத்தின் மீதான அளவிறந்த சார்பு. ஒரு நடிகர் காய்கறி விற்றால் எப்படிப் பேசுவார், மற்றொருவர் பேருந்து நடத்துநரானால் எப்படிச் சீட்டுக் கிழிப்பார் என்ற வாய்பாடு ஆண்டுக்கணக்கில் மாறாது வந்தது. குரல் ஒத்திருப்பதைக் கேட்டு வியக்கிறோம். வியப்பு அடங்கியபின் அங்கே பொருள் எதுவும் எஞ்சுவதில்லை. இதே தொலைக்காட்சியில் 2000களில் ராம்பாலாவின் இயக்கத்தில் வந்த 'லொள்ளு சபா'வும் திரைப்படத்தையே சார்ந்திருந்தது. ஆனால் அதன் சிறந்த பகுதிகள் நடிகரின் குரலைப் போலச்செய்வதோடு நிற்கவில்லை. நாயகன் ஏன் காற்றில் பறந்து அடிக்கிறான், தாய் ஏன் உரிய நேரத்தில் மயங்கி விழுகிறாள் என்று திரைக்கதையின் வழக்குகளையே கேள்விக்குள்ளாக்கின. 2010இல் வெளிவந்த சி. எஸ். அமுதனின் 'தமிழ்ப்படம்' முழுநீளத்தில் செய்ததும் அதுவே. போலச்செய்தல் குரலைப் பிடிக்கிறது. பகடி வழக்கத்தின் உட்பொருளைப் பிடிக்கிறது. கலக்கப் போவது யாரு மேடை முன்னதில் கை தேர்ந்த அளவிற்குப் பின்னதில் தேரவில்லை.

இரண்டாவது, உடலை இலக்காக்குதல். கறுத்த நிறம், பருத்த உடல், குள்ளம், வழுக்கை, திக்குவாய் ஆகியன மீண்டும் மீண்டும் சிரிப்புக்குரியனவாக்கப்பட்டன. ஆடவர் பெண்வேடமிடுவது கூத்து மரபில் கலைப்பயிற்சியாக விளங்கியது. இம்மேடையிலோ புடைவை கட்டிய ஆண் என்பதே பெரும்பாலும் முழு நகைச்சுவையாகச் சுருங்கியது. பெண் கலைஞர்கள் குறைவாக இருந்தமையால் மனைவி, மாமியார், காதலி ஆகிய பாத்திரங்கள் ஆடவரின் கேலிப் பார்வையிலேயே உருவாயின.

மூன்றாவது, வென்றதை விடாமை. ஒரு தொடரோ ஒரு நடையோ ஒருமுறை கைதட்டல் பெற்றுவிட்டால் அது பருவம் முழுதும் திரும்ப வரும். பிற்காலப் பருவங்களில் நடுவர்களையே கேலிக்கு இலக்காக்கும் உத்தியும் அவ்வாறே தேய்ந்தது. நகைப்பூட்டும் இசைத்துணுக்குகளும், நடுவர் சிரிக்கும் முகத்தை இடையிடையே காட்டும் படத்தொகுப்பும், அரங்கில் எழாத சிரிப்பை எழுந்ததாகக் காட்ட உதவின. மாந்தரின் மடனைக் காட்டிச் சிரிக்கவைத்த மேடை தானே மடனுக்கு ஆளாயிற்று எனலாம்.

ஓர் அங்கத்தின் இரு முகங்கள்

உயர்வும் தாழ்வும் ஒரே அங்கத்துள் கலந்து நிற்பதற்கு ராமர் நடித்த பகடி தக்க சான்றாகும். ஜீ தமிழ்த் தொலைக்காட்சியின் 'சொல்வதெல்லாம் உண்மை' நிகழ்ச்சியை 'சிரிச்சா போச்சு' மேடையில் அவர் பகடி செய்தார். குடும்பப் பூசல்களைத் தொலைக்காட்சி அரங்கிற்குக் கொண்டுவந்து, நெறியாளர் விசாரித்துத் தீர்வு கூறும் அமைப்புடையது அம்மூல நிகழ்ச்சி. பகடியில் நெறியாளர் சலிப்போடு கூறும் ஒரு தொடர் தமிழகமெங்கும் பரவி, பின்னர்த் திரைப்பாடல் ஒன்றிலும் இடம்பெற்றது. பகடிக்கு ஆளான நெறியாளர் இலட்சுமி இராமகிருஷ்ணன் தம் மனக்குறையைப் பொதுவில் தெரிவித்தார்.

இவ்வங்கத்தின் வலிமை எது? எளியவர்களின் துயரத்தைப் பொழுதுபோக்காக்கி, அதனை அறவுரையால் போர்த்தும் ஒரு தொலைக்காட்சி வகையை அது தோலுரித்தது. விசாரிப்பவரின் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்ற வினாவைச் சிரிப்பின் வழியே எழுப்பியது. கட்டியக்காரன் அரசனை நோக்கி எழுப்பிய வினாவும் அதுவேயாம். அதன் தாழ்வு எது? நாளடைவில் அவ்வினா மறைந்து, பெண்ணொருத்தியின் குரலையும் கையசைவையும் ஆண் ஒருவர் கேலி செய்வது மட்டும் எஞ்சியது. மக்கள் நாவில் நின்ற தொடரும் பெண்களின் வாயை அடைக்கும் எளிய கேலியாகத் தெருக்களில் உருமாறியது. அதிகாரத்தை நோக்கிய எள்ளல், திரும்பத் திரும்பச் சொல்லப்படும்போது ஆளை நோக்கிய எள்ளலாகக் குறுகிவிடுகிறது என்பதை இவ்வங்கத்தால் அறிகிறோம்.

இலங்கை வானொலியின் ஒப்பீடு

வட்டார வழக்கைக் கொண்டு நகைச்சுவை படைத்தும் எவரையும் தாழ்த்தாதிருக்க இயலுமா எனின், இலங்கைத் தமிழ் வானொலியின் 'கோமாளிகளின் கும்மாளம்' நல்ல விடையாகும். எஸ். ராமதாஸ் எழுதி நடித்த அத்தொடர் 1976இல் 'கோமாளிகள்' எனும் திரைப்படமாகவும் வந்தது. முஸ்லிம்களின் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களச் சாயல் படிந்த தமிழ் ஆகியன அதில் ஒருங்கே ஒலித்தன. மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் எனப் பாத்திரப் பெயர்களே கலைஞர்களின் பெயர்களோடு இணைந்து நின்றமை மக்கள் அவர்களை எவ்வளவு நெருக்கமாக ஏற்றனர் என்பதைக் காட்டும். எந்த ஒரு வழக்கும் அங்கே செந்தரமாக நின்று பிறவற்றை நகைக்கவில்லை. ஒவ்வொருவரும் சிரிக்கவைத்தனர், ஒவ்வொருவரும் சிரிப்புக்கும் ஆளாயினர். பல இனங்கள் கூடி வாழும் மலேசியாவிற்குச் சென்னை மேடையைவிட இம்முன்மாதிரி நெருக்கமானது என்பது நம் கருத்து.

யோங் பெங் வட்டார மேடைகள்

பத்து பகாட் மாவட்டத்திலுள்ள யோங் பெங், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் செல்வோர் உணவுக்காக இறங்கும் சிறுநகரம். ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்தது. சீனர் மிகுதியாக வாழ்வது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவும் தோட்டப் பின்புலம் உடையவை. ஒரு காலத்தில் மலாயாத் தோட்டங்களில் கோயில் திருவிழா இரவுகளே நாடக மேடைகளாக விளங்கின. 1996இல் ஆஸ்ட்ரோ ஒளிபரப்பு தொடங்கியபின் தமிழ்த் தொலைக்காட்சி வரவேற்பறைக்கு வந்தது. இன்று இவ்வட்டார மாணவர்கள் கலைநிகழ்ச்சிக்குக் குறுநாடகம் எழுத அமரும்போது அவர்கள் மனத்தில் முதலில் எழுவது சென்னையின் மேடையே.

நாம் இவ்வட்டாரத்தில் கண்ட மாணவர் நாடகங்களுள் மூன்றை மட்டும் இங்குக் குறிப்போம். ஒன்றில் மாணவர்கள் மதுரைத் தமிழில் பேசித் தமிழக நடிகர்களைப் போலச்செய்தனர். முதல் இரண்டு குரல்களுக்குக் கைதட்டல் எழுந்தது. பின்னர் அரங்கு தன் பேச்சில் ஆழ்ந்தது. அம்மாணவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். அவர்கள் பேசிய ஊர் அவர்களுக்கே தெரியாத ஊர்.

இரண்டாவது நாடகத்தின் களம் ஒரு சீனர் காப்பிக்கடை. தோட்டத்தில் வளர்ந்த தாத்தா, தாம் ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டு வாங்கும் முறையிலேயே தேநீர் கேட்கிறார். அது இப்போது கிடையாது என்று பேரன் ஆங்கிலத்திலும் மலாயிலும் விளக்குகிறான். தாத்தா விடுவதாயில்லை. இறுதியில் கடைக்காரர் தமிழில் ஒரு சொல் கூறித் தேநீரை வைத்துச் செல்கிறார். பேரன் திகைத்து நிற்க, அரங்கு அதிர்ந்தது. மடன் தாத்தாவினிடம் தொடங்கிப் பேரனிடம் போய் முடிந்தமையே அந்நாடகத்தின் வெற்றி. தமிழை மறந்தவன் எவன் என்ற வினாவை, அறிவுரை ஒரு சொல்லும் இன்றி, அது பெற்றோர் முன் வைத்தது.

மூன்றாவது நாடகத்தில் பருத்த உடலுடைய மாணவி ஒருவரை நாற்காலி தாங்குமா என்பதே முழு நகைச்சுவையாக இருந்தது. மேடையில் அம்மாணவியும் சிரித்தார். அடுத்த ஆண்டு எவ்வளவு அழைத்தும் அவர் மேடையேற இசையவில்லை என்று ஆசிரியர் ஒருவர் நம்மிடம் கூறினார். பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுதல் என்று பேராசிரியர் தனியே பிரித்துக் காட்டிய நகை இதுவேயாகும். அந்நகை உடன்பாட்டின் அடையாளமன்று. தப்பிக்க இயலாதவரின் மறைப்பு. தொலைக்காட்சியில் எள்ளப்படும் கலைஞர் அதற்கு ஊதியமும் புகழும் பெறுகிறார். பள்ளி மேடையில் எள்ளப்படும் பிள்ளைக்கு மறுநாள் காலையில் அதே வகுப்பறைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

ஆசிரியர்க்குரிய தெரிவு

இவற்றைக் கண்டபின், தொலைக்காட்சி நகைச்சுவையைப் பள்ளியிலிருந்து விலக்கிவிட வேண்டும் என்று கூறுவோர் உளர். நமக்கு அதில் உடன்பாடில்லை. நாவலையோ கவிதையையோ தாமே தேடிப் படிக்காத மாணவரும் ஒரு குறுநாடகத்தை எழுதி, ஒத்திகை பார்த்து, சொல்லின் நீளத்தையும் இடைவெளியையும் அளந்து பேசுகின்றனர். எந்தச் சொல்லை இறுதியில் நிறுத்தினால் சிரிப்பு எழும் என்று ஆராயும் மாணவர், தமிழ்த் தொடரமைப்பைத் தாமே ஆராய்கிறார். இப்பயிற்சியை இழப்பது அறிவுடைமையன்று.

வேண்டுவது தெரிவு. மாணவர் நாடகப்படியைக் கொண்டுவரும்போது ஆசிரியர் மூன்று வினாக்களைக் கேட்கலாம். இந்தச் சிரிப்பு ஒருவரது உடலிலிருந்து எழுகிறதா, செயலிலிருந்து எழுகிறதா? இந்த மாந்தர் உங்கள் ஊரில் உள்ளவரா, தொலைக்காட்சியில் மட்டும் உள்ளவரா? எள்ளப்படுபவர் இம்மேடையில் திருப்பிப் பேச வாய்ப்புடையவரா? இவற்றுக்கு விடை காணும் மாணவர் நல்ல நாடகம் எழுதுவதோடு, தாம் பார்க்கும் நிகழ்ச்சியை மதிப்பிடவும் கற்றுக்கொள்வார்.

முடிவுரை

கலக்கப் போவது யாரு நிகழ்ச்சியின் ஈர்ப்பு அதன் மேடையின் நிலையாமையிலும், ஊர்ப்பேச்சுக்கு அது தந்த இடத்திலும், எளியோர்க்கு அது திறந்த வாயிலிலும் வேரூன்றியுள்ளது. அதன் தாழ்வோ நேரடி மேடையால் விளைந்ததன்று. வென்றதைப் பற்றி விடாத பழக்கத்தாலும், விரைந்து பயன் தரும் எள்ளலை நாடியதாலும் விளைந்தது. ஆகவே ஈர்ப்பை ஏற்கும்போது தாழ்வையும் சேர்த்து ஏற்க வேண்டிய கட்டாயம் எவர்க்கும் இல்லை. கோவைக்கும் மதுரைக்கும் அந்த மேடையில் கிடைத்த இடம் யோங் பெங்கின் பேச்சுக்கும் உரியதே. அதனை வழங்கவேண்டியது சென்னைத் தொலைக்காட்சியன்று. இங்குள்ள பள்ளி மேடையும், அம்மேடைக்கு நாடகப்படியைத் திருத்தித் தரும் தமிழாசிரியருமே.